‘பூஜைக்கு முன்’ என்று ஒரு கமிட்

பாகீரதிக்கு அலுவலகத்தில் கேனோ-தி என்று பெயர். ‘கேனோ’ என்றால் பெங்காலியில் ‘ஏன்’. ‘தி’ என்பது தீதி, அக்கா. பெயர் வைத்த ஸ்மிதா அதை முதுகுக்குப் பின்னால் சொல்வதற்காகத்தான் வைத்தாள். ஒருநாள் பாகீரதியே டீக்காரரிடம், “கேனோ-திக்குச் சர்க்கரை கம்மி” என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு எல்லோரும் முகத்துக்கு நேரே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கொல்கத்தாவின் கரியாஹாட் சந்திப்பில், ஒரு புடவைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அந்த அலுவலகம். எட்டுப் பேர் உட்கார்ந்து, கிடர்பூர் துறைமுகத்தில் சரக்கை உள்ளே அனுப்பும் ஏஜெண்டுகளுக்காக ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டும் திருத்திக்கொண்டும் இருக்கிறார்கள். எட்டுப் பேர் ஒரே அடுப்பில் சமைக்கிற கூட்டுக் குடும்பம் மாதிரிதான். அவரவர் தன் மேஜையில் ஒரு நகலை வைத்துக்கொண்டு மாற்ற வேண்டியதை மாற்றி, பிறகு அதைப் பொதுவான இடத்தில் சேர்ப்பார்கள். அப்படி ஒரு மாற்றத்தை முடித்துச் சேர்ப்பதற்குக் கமிட் என்று பேர். சேர்க்கும்போது கூடவே ஒரு குறிப்பு எழுத வேண்டும். உப்புப் போட்டாயிற்றா, போட்டது யார், எதற்காக என்று அடுத்து அடுப்படிக்கு வருகிறவருக்குத் தெரிய வேண்டுமல்லவா.

தெரியாதபடிதான் எழுதுவார்கள். ‘சரி செய்தது.’ ‘இப்போது ஓடும்.’ ‘இதுதான் கடைசி.’ மறுநாளே, ‘இதுதான் நிஜமான கடைசி.’ ஸ்மிதா ஒருமுறை, ‘மாமியார் வந்துவிட்டார், மீதி நாளைக்கு’ என்று எழுதி வைத்தாள். அது இன்னும் அப்படியே இருக்கிறது.

பாகீரதி எழுந்து அவரவர் மேஜைக்கே போய் நிற்பாள். “என்ன மாத்தினேங்கறது எனக்கே தெரியறது, கண்ணு இருக்கு. ஏன் மாத்தினே? கேனோ?” பதில் வரும்வரை நகர மாட்டாள். கோபமெல்லாம் கிடையாது. கத்தரிக்காய்க்காரரிடம் இது நேற்றையதா இன்றையதா என்று கேட்கிற அதே தொனிதான். கத்தரிக்காய்க்காரராவது சில சமயம் கோபித்துக்கொள்வார். இவர்கள் உட்கார்ந்து குறிப்பைத் திருத்தி எழுதுவார்கள்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. ஒரு கமிட்டில் ஒரு காரியம்தான். ஒன்றைச் சரி செய்யப் போன இடத்தில், அப்படியே பக்கத்தில் இருப்பதையும் ஒழுங்கு பண்ணிவிட்டு வருவது அவளுக்கு ஆகாது. “கடுகு வெடிக்கும்போது ஷெல்ஃபைத் துடைக்காதே” என்பாள். வீட்டிலும் அப்படியே. ஃப்ரிட்ஜில் உள்ள ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும்: ‘வத்தக்குழம்பு, செவ்வாய், காரம் தூக்கல், நந்திதாவுக்கு வேண்டாம்.’ கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் வேலை பார்க்கிற அவள் கணவர் சுந்தரேசன், வருகிறவர்களிடம் அந்த ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டுவார். “எங்க ஆபீஸ்லகூட இவ்வளவு கிடையாது. ஒரு ஸ்பூன் ஊறுகாய் எடுத்தாலும் காரணம் சொல்லணும்.”

பாகீரதி கொல்கத்தாவில் பிறந்தவள். அவளுடைய அப்பாவும் இங்கேயே பிறந்து, இங்கேயே ஒரு பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தஞ்சாவூர்த் தமிழ், தெருவில் பெங்காலி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் என்று வளர்ந்தவளுக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. மீன்காரரோடு பேரம் பேசத் தெரியும், மீன் சாப்பிடத் தெரியாது. கல்யாணமான வருஷம் இந்த வேலையில் சேர்ந்தாள். மகள் நந்திதா பிறந்தபோது விட்ட சில மாதங்களைத் தவிர, தினமும் லேக் மார்க்கெட்டிலிருந்து ஆட்டோ பிடித்துக் கரியாஹாட்டில் இறங்கி, நடைபாதைக் கடைகளின் தொங்கும் நைட்டிகளுக்குக் கீழே குனிந்து மாடியேறுகிறாள்.

சித்திரைக்குப் பிறகு அந்த மாடிக்குச் சுப்ரியா வந்தாள். முப்பத்தைந்து வயது, பெஹாலாவிலிருந்து வருகிறவள். குழந்தைக்காக வேலையை விட்டு ஆறு வருஷம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தாள். வாய் ஓயாது. முதல் நாளே பாகீரதியின் தயிர்சாதத்தை எட்டிப் பார்த்து, “இதுல என்ன தி, அழுகை கலந்திருக்கா? வெள்ளையா, சத்தமே இல்லாம?” என்று கேட்டாள். பாகீரதிக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

வேலைதான் இன்னும் நிரந்தரமாகவில்லை. புதிதாக வந்தவர்கள் செய்கிற மாற்றம் நேராகப் பொது இடத்துக்குப் போகாது. பழையவர்களில் ஒருவர் படித்துப் பார்த்து, சரி என்று அமுக்கினால்தான் போகும். மழைக்காலத்தில் அப்படிப் போனதில் ஒரு விபத்து நடந்தது. மற்றவர்கள் சேர்த்திருந்ததை எடுத்துக்கொள்ளாமலே சுப்ரியா தன்னுடையதைச் சேர்க்க அனுப்பினாள். சரி என்று அமுக்கியவரும் அரைக் கண்ணால்தான் பார்த்திருந்தார். ஸ்மிதா வாரக்கணக்கில் செய்த வேலை அடியில் போய்விட்டது. மீட்டுவிட்டார்கள். ஆனால் முதலாளி சைதன்யா-தா, அதாவது சைதன்யா அண்ணா, மறக்கவில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் ஒருவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் லேசில் மாற்றிக்கொள்ள மாட்டார். “துர்கா புஜோ முடியட்டும். அப்புறம் உன்ன வெச்சுக்கறதா இல்லையான்னு சொல்றேன்” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அன்றைக்குச் சுப்ரியா பாகீரதியோடு மாடியிறங்கினாள். கீழே வந்ததும், “ஆறு வருஷம் கழிச்சு என் பேர்ல ஒரு நாற்காலி கிடைச்சுது, தி. திரும்பவும் வீட்ல போய், புஜாயின் அம்மான்னு மட்டும் இருக்க என்னால முடியாது” என்றாள். புஜாய் என்பது அவள் பையன். பாகீரதி நடைபாதைக் கடையில் ஒரு பொட்டலம் ஜால்முடிக் காரப்பொரி வாங்கி, பாதியை அவள் கையில் கொட்டினாள்.

துர்கா பூஜை நாட்களில் அலுவலகம் மூடிவிடும். துறைமுகம் மூடாது. ஏஜெண்டுகள் கூப்பிட்டால் எடுக்க ஒருவர் வீட்டில் லேப்டாப்போடு இருக்க வேண்டும். அந்த ஒருவர் வருஷா வருஷம் பாகீரதிதான். “உங்களுக்குத்தான் புஜோ இல்லையே, தி” என்பார்கள். இல்லையென்றும் சொல்லாமல் உண்டென்றும் சொல்லாமல் அவள் ஒத்துக்கொள்வாள். வீட்டில் அதே நாட்களில் கொலு இருக்கும், தினம் ஒரு சுண்டல் இருக்கும், பக்கத்து ஃபிளாட் பெங்காலி மாமி வந்து கிருஷ்ணநகர் மண் பொம்மைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். சிக்கல் நவமியன்றுதான். அன்று சரஸ்வதி பூஜை. புத்தகமும் கருவிகளும் பூஜையில் இருக்க வேண்டும். மறுநாள் விஜயதசமி காலைவரை படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. பாகீரதி பெரிய பக்தை ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை விளக்கை ஏற்ற நந்திதாவை ஏவிவிட்டு டீவி பார்ப்பவள்தான். இந்த ஒரு நாளை மட்டும் விடமாட்டாள். வருஷத்தில் ஒரு நாளாவது படிப்பு நம்மைவிட்டுத் தள்ளி உட்காரட்டும், அருமை தெரியும் என்பாள்.

ஆகவே இத்தனை காலமும் ஒரு தந்திரம் செய்துவந்தாள். உயிர் போன பழைய லேப்டாப் ஒன்றைப் பூஜையில் வைத்துச் சந்தனம் இட்டுவிட்டு, உயிருள்ளதைப் படுக்கையறையில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பாள். சென்ற தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, சுந்தரேசன் அந்தப் பழையதைத் தூக்கிப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டார்.

“ஏன்னா, போட்டேள்?”

“ஓடாததுதானே? அதுல காகிதம் ஒண்ணும் ஒட்டி வெக்கலியே நீ. ஒட்டியிருந்தா போட்டிருப்பேனா?”

பூஜையில் வைக்க வேறு லேப்டாப் இல்லாததால் பாகீரதி இந்த வருஷம் முதல்முறையாக நவமிக்கு லீவு கேட்டாள்.

அலுவலகமே ஆச்சரியப்பட்டது. “சரஸ்வதி புஜோவா? அது குளிர்காலத்துல, மாக மாசம்தானே?” என்றாள் ஸ்மிதா. “எங்களுக்கு இப்போ” என்றாள் பாகீரதி. “அப்போ இத்தனை வருஷமா ஏன் சொல்லல? கேனோ?” என்று சுப்ரியா கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் சுப்ரியாவே, “நவமிய நான் பாத்துக்கறேன்” என்றாள். சைதன்யா-தா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

அஷ்டமி வரையில் பாகீரதியின் முறை. அன்று சாயங்காலமே பூஜைக்கு அடுக்கிவிடுவதென்று ஏற்பாடு. அவள் கையில் மூன்று வேலைகள் பாதியில் இருந்தன. கிடர்பூர் ஏஜெண்டு சிதம்பரம், லாரிச் சீட்டில் டிரைவரின் போன் நம்பர் அச்சாக வேண்டும், நவமியிலிருந்து துறைமுக வாசல் கேட்டில் கேட்பார்கள் என்று நெருக்கிக்கொண்டிருந்தார். அதை முடித்து, சோதித்தும் பார்த்துவிட்டாள். ஸ்மிதாவுக்காகத் தேதியை மாற்றும் சின்ன வேலை ஒன்று. மூன்றாவது யாரும் கேட்காதது. சீட்டுக்காக அந்தப் பக்கத்தைத் திறந்தவள், அங்கே ஏழெட்டு வருஷமாகக் கிடந்த குப்பையைப் பார்த்தாள். பயன்படாத வரிகள், இரண்டு தடவை எழுதியது, எதற்கென்றே தெரியாதது. பண்டிகைக்கு வீட்டைத் துடைக்கிற கை அதையும் துடைத்துவிட்டது.

கூடத்திலிருந்து நந்திதா கத்தினாள். “மா, தாடாதாடி, சீக்கிரம்! சந்தனம் காயறது! அப்பா நல்ல நேரம் போயிடப் போறதுன்னு குதிக்கறா!”

மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து, தனித்தனிக் குறிப்பு எழுதிச் சேர்க்க வேண்டும். வேறு யார் சேர்த்திருந்தாலும் பாகீரதி அதைத்தான் கேட்டிருப்பாள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே வாரலாக வாரி, ஒரே கமிட்டாகச் சேர்த்துவிட்டு, குறிப்பில் ‘பூஜைக்கு முன்’ என்று எழுதி மூடினாள். பழைய ஆளாகையால் அவளுடையதை யாரும் படித்துச் சரி சொல்ல வேண்டியதில்லை. நேராகப் போய்விட்டது. லேப்டாப் பூஜைப் பலகையில் அடியில் போனது. அதன்மேல் நந்திதாவின் கெமிஸ்ட்ரிப் புத்தகங்கள், அதன்மேல் சுந்தரேசனின் ரயில்வே விதிப் புத்தகம், எல்லாவற்றுக்கும் மேலே நந்திதா சின்ன வயதில் கற்றுக்கொள்ளாமல் விட்ட வீணை.

மறுநாள் பூஜை முடிந்து, சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. சிதம்பரம். காரைக்குடிப் பக்கத்து மனிதர், துறைமுகத்தில் பாதி வாழ்க்கை கழித்தவர்.

“என்ன தங்கச்சி இது? பதினெட்டு டன் சணல் மூட்டை லாரியில ஏறி நிக்குது. உங்க சீட்டு நூத்தியெண்பது கிலோன்னு அடிக்குது. என் மச்சானும் அவன் பொண்டாட்டியும் ஏறி உக்காந்தாலே அவ்வளவு வருமே!”

“டிரைவர் நம்பர் வருதா, அண்ணே?”

“அது பளபளன்னு வருது. எடைதான் போச்சு. நானே ஆயுத பூசை போட்டு, கம்ப்யூட்டருக்குப் பொட்டு வச்சு, தொடக் கூடாதுன்னு நெனச்சவன். துறைமுகத்துக்கு ஏது பூசை? சாயந்தரத்துக்குள்ள இந்த லாரி உள்ள போகல்லன்னா கப்பல் போயிரும். அந்தப் புதுப் பொண்ணுகிட்ட சொன்னேன். அது அழுதிரும்போல இருக்கு. நீ பாரு.”

வைத்த உடனே அடுத்த அழைப்பு. சுப்ரியா. பின்னால் பூஜைப் பந்தலில் டாக் மேளம் அடிக்கிற சத்தம்.

“தி, நான் ஒண்ணையும் தொடல! சத்தியமா தொடல. சிதம்பரம்-பாபு சைதன்யா-தாவுக்கும் போன் போட்டுட்டார். அவர் டார்ஜிலிங்ல இருந்து ‘சுப்ரியா, என்ன பண்ணி வெச்சே’ன்னு கத்தறார். சிக்னல் போய்ப் போய் வருது. நான் சொல்றதுக்குள்ள கட்டாயிடுது. எனக்கு முடிஞ்சுபோச்சு, தி.”

பாகீரதிக்கு நேற்றைய கமிட் நினைவுக்கு வந்தது. கரண்டி கையிலேயே இருந்தது.

“நீ தொடல. நான் தொட்டேன். நேத்து சாயங்காலம்.”

“பாத்தேன். பாத்துட்டுதான் பேசறேன். நாற்பது இடத்துல மாத்தியிருக்கீங்க. ஒரே கமிட். எதுக்குன்னு பாக்கலாம்னா ‘பூஜைக்கு முன்’னு இருக்கு.” சுப்ரியா மூச்சு விட்டாள். பயத்தின் நடுவிலும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. “பூஜைக்கு முன் என்ன, தி? கேனோ?”

சுந்தரேசன் அடுப்பை அணைத்துவிட்டு, அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார். பாகீரதி பூஜை அறை வாசலில் போய் நின்றாள். அடியில் லேப்டாப், மூடியின் மேல் சந்தனமும் குங்குமமும்.

“எடுக்கறதுன்னா எடு. வீணைய நான் பிடிச்சுக்கறேன்” என்றார் சுந்தரேசன். “அம்பாள் ஒண்ணும் கோச்சுக்க மாட்டா. நூத்தியெண்பது கிலோவக் கேட்டா அவளே சிரிப்பா.”

“இருங்கோ.”

போனில் சுப்ரியா, “எடுக்காதீங்க தி” என்றாள். “நான் எதுக்கு இருக்கேன்? இத்தனை வருஷம் எங்களுக்காக உக்காந்தீங்க. எதுக்காக மாத்தினீங்கன்னு மட்டும் சொல்லுங்க, நான் பாக்கறேன். முழுசாத் திருப்பி எடுத்துட்டா டிரைவர் நம்பரும் போயிடும், கேட்ல விட மாட்டான். அதனால பிரிச்சுத்தான் ஆகணும்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “இல்ல, இன்னொரு வழியும் இருக்கு. உங்களுக்கு உரிமை இருக்கு. அந்தக் கமிட்டையே அடியோட துடைச்சுட்டு, நல்லதா மூணு கமிட் போட்டுடலாம். அவர் மலை பாத்துண்டு இருக்கார். அப்படி ஒண்ணு இருந்துதுன்னே யாருக்கும் தெரியாது.”

கேனோ-தி என்ற பேருக்கு நேரே, ‘பூஜைக்கு முன்’ என்று என்றென்றைக்கும் நிற்கப் போகிறது. ஸ்மிதா அதை எத்தனை வருஷம் சொல்லிக் காட்டுவாள் என்று பாகீரதிக்கு நன்றாகத் தெரியும். சபலம் ஒரு மூச்சு நேரம் இருந்தது.

“வேண்டாம். ஸ்மிதா நேத்தே தன் நகலுக்கு அத எடுத்துண்டுட்டா, மெசேஜ் போட்டா. நாம துடைச்சா அவகிட்ட இருக்கும், நம்மகிட்ட இருக்காது. திரும்பி வந்து பாத்து, தனக்குத்தான் பைத்தியம்னு நெனச்சுப்பா. பொதுவுல வெச்சாச்சு, இருக்கட்டும். அதுக்கு மேல சரி பண்ணு.”

பிறகு அவள் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல, சுப்ரியா ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தாள். இது டிரைவர் நம்பர். இது ஸ்மிதாவின் தேதி. மீதி எல்லாம் துடைத்தது. அந்தத் துடைத்ததில் ஓரிடத்தில் சுப்ரியா நின்றாள்.

“தி, ஒரு வரிய எடுத்திருக்கீங்க. எடைய நூறால பெருக்கற வரி. யாரோ பிரவீண் எழுதினது. குறிப்புல ‘சரி செய்தது’ன்னு மட்டும் இருக்கு.”

பிரவீண் எப்போதோ பெங்களூருக்குப் போய்விட்டவன். பாகீரதிக்கு அந்த வரி நினைவுக்கு வந்தது. யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்து, யோசிக்காமல் எடுத்தது. “எதுக்கு நூறால பெருக்கினான்?”

“அத உங்ககிட்டதான் கேட்கலாம்னு பாத்தேன்” என்றாள் சுப்ரியா. “இருங்க. சிதம்பரம்-பாபுவக் கேக்கறேன்.”

அவள் கூப்பிடுவதற்குள் சுண்டல் ஆறிவிட்டது. திரும்ப வந்த குரலில் பயம் பாதியாகக் குறைந்திருந்தது. “குவிண்டால், தி! அவரோட பார்ட்டிகள்ல ஒரு சணல் மில் மட்டும் எடைய குவிண்டால்ல எழுதி அனுப்புவானாம். மத்தவங்க எல்லாம் கிலோ. ஒரு குவிண்டால்னா நூறு கிலோ. வந்தது நூத்தியெண்பது குவிண்டால். நம்ம புரோகிராம் அதக் கிலோன்னு நெனச்சுண்டுது. அந்த வரியத் திரும்ப வெச்சா போதும்.”

வைத்துவிட்டாள். இப்போது, புதிதாக வந்தவளுடைய மாற்றம் என்பதால், பாகீரதி அதைப் படித்துச் சரி என்று அமுக்க வேண்டும். போனிலேயே வந்து நின்றது. பாகீரதி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“சும்மா அமுக்கேன்” என்றார் சுந்தரேசன். “நீதானே கூடவே இருந்து சொன்னே?”

“படிக்காம எப்படி அமுக்கறது? மழைல அப்படித்தானே ஸ்மிதாவோட வேலை போச்சு.”

“அப்போ படி.”

“இன்னிக்கா?”

சோபாவில் போனை நோண்டிக்கொண்டிருந்த நந்திதா, “மா, போன்ல படிக்கறது படிப்பே இல்ல” என்றாள். “நான் காலைலேந்து படிச்சிண்டேதான் இருக்கேன்.”

“உனக்கு அது படிப்பு இல்லடி. எனக்கு அதுதான் படிப்பு.”

லாரி நிற்கிறது, கப்பல் நிற்கிறது, டார்ஜிலிங்கில் முதலாளி நிற்கிறார். பாகீரதி போனை நிமிர்த்தாமலே ஸ்பீக்கரில் போட்டாள். “சுப்ரியா, நீ வரி வரியா வாசி. நான் கேக்கறேன். கேக்கறதுக்குத் தடை கிடையாது.”

சுப்ரியா சிரித்தாள். பிறகு வாசித்தாள். எந்தக் கோப்பு, எந்த இடம், போனது என்ன, வந்தது என்ன. பாகீரதி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டாள். அரிசி களைந்த தண்ணீரை வடிக்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக உள்ளே போயிற்று. மூன்றாவது வரியில் வாசிக்கிற குரலே நின்றது.

“ஏ மா!” என்றாள் சுப்ரியா. “நான் இத எல்லாப் பார்ட்டிக்கும் சேத்து வெச்சுட்டேன். பிரவீண் வெச்ச இடம் அந்த மில்லுக்கு மட்டும். இப்படியே போயிருந்தா அடுத்த லாரி ஆயிரத்தெண்ணூறு டன்னுன்னு சொல்லியிருக்கும். வாயால படிச்சதும் காதுக்கே தப்பாப் படறது.”

திருத்தினாள். மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். காலையில் வந்த மில் லாரிக்கும், கிலோவில் வந்த இன்னொரு லாரிக்கும் போட்டுப் பார்த்து, இரண்டு எடையும் சரியாக வருவதைச் சொன்னாள். கடைசியில் குறிப்பையும் வாசித்தாள். பாகீரதி கண்ணைத் திறந்தாள். நந்திதா போனை எடுத்து, அந்தப் பொத்தானை விரலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். அமுக்கியாயிற்று.

சிதம்பரத்தின் லாரி வெயில் தாழ்வதற்குள் உள்ளே போனது. “பதினெட்டு டன், ஒரு கிலோ குறையல” என்று கூப்பிட்டுச் சொன்னார். “அந்தப் பொண்ணு கெட்டி. எடுத்த எடுப்பில ‘ஏன்’னு கேட்டுச்சு. உங்க ஆபீஸ்ல எல்லாருமே இப்படித்தானா?”

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அலுவலக வாட்ஸாப் குழுவில் சைதன்யா-தா ஏதோ எழுதியிருப்பதாக நந்திதா சொன்னாள். படித்தும் காட்டினாள். ‘சுப்ரியா, லாரி போயிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். ஆனா இது எப்படி நடந்ததுன்னு திங்கட்கிழமை எனக்குத் தெரியணும்.’ அதற்குக் கீழே சுப்ரியா ஒன்றும் எழுதவில்லை. எழுத மாட்டாள் என்று பாகீரதிக்குத் தெரியும். காட்டிக்கொடுக்கிற வகை இல்லை அவள்.

திங்கட்கிழமை வரை ஒருத்தி நவமியும் தசமியும் தூங்காமல் இருக்க வேண்டுமா?

எழுதக் கூடாது. ஆகையால் குரலில் பதிந்து, எட்டுப் பேரும் கேட்கும்படி குழுவிலேயே அனுப்பினாள். “சைதன்யா-தா, பாகீரதி பேசறேன். அது என்னோட கமிட். மூணு காரியத்த ஒண்ணாக் கட்டி, காரணம் எழுதாமப் போட்டேன். அதுல ஒரு வரிய, எதுக்குன்னு யாரையும் கேக்காம எடுத்தேன். சுப்ரியா அதக் கண்டுபிடிச்சு, கேட்டு, தனியா ஒரு கமிட்டா சரி பண்ணியிருக்கா. எல்லாம் அப்படியே இருக்கு, யார் வேணாலும் போய்ப் பாக்கலாம். ஸ்மிதா, நீ சிரிக்கலாம். ரொம்ப நாள் சிரிக்காதே.”

ஸ்மிதாவிடமிருந்து உடனே சிரிக்கிற முகங்கள் ஒரு வரிசை வந்தன. நந்திதா அவற்றைப் படித்துக் காட்ட மறுத்துவிட்டாள். டார்ஜிலிங்கிலிருந்து ஒன்றும் வரவில்லை.

விஜயதசமி காலை. கற்பூரம் காட்டி, வீணையை இறக்கி, அவரவர் பொருளை எடுத்துக்கொண்டார்கள். எடுத்த கையோடு கொஞ்சம் படிக்கவும் எழுதவும் வேண்டும். சுந்தரேசன் விதிப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து, சத்தமாக வாசித்து, தானே கொட்டாவி விட்டார். பாகீரதி லேப்டாப் மூடியைத் துடைத்தாள். குங்குமம் கீல் இடுக்கில் போய்விட்டிருந்தது. திறந்து, பொது இடத்தில் இருப்பதை எடுத்துக்கொண்டாள். மேலே சுப்ரியாவின் கமிட். நேற்றுக் காதால் கேட்டதை இப்போது கண்ணால் படித்தாள்.

‘சிதம்பரம் அவர்களின் பார்ட்டிகளில் ஒரு சணல் மில் மட்டும் எடையைக் குவிண்டாலில் அனுப்புகிறது. அதைக் கிலோவாக்க இந்த வரி வேண்டும். தேவையில்லாதது போலத் தெரியும். எடுப்பதற்கு முன் அவரைக் கேளுங்கள்.’

அதற்குக் கீழே, ‘பூஜைக்கு முன்.’ பாகீரதி அதையும் படித்தாள். தன்னுடையதுதான், வேறென்ன செய்வது.

அப்போதுதான் சைதன்யா-தா கூப்பிட்டார். மலையிறங்கிச் சிலிகுரிக்கு வந்துவிட்டாராம், இரைச்சலுக்கு நடுவே விஜயதசமி வாழ்த்துச் சொன்னார். “ஷுபோ பிஜோயா, பாகீரதி. உன் மெசேஜ் இப்போதான் கேட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவளத் தனியா விடலாமா?”

“நேத்து அவளத் தனியா விட்டதாலதான் லாரி உள்ள போச்சு, சைதன்யா-தா. என்னத் தனியா விட்டதுதான் தப்பாப் போச்சு.”

அவர் சிரித்தார். “சரி. அவள உள்ள சேத்துடு. மீதி காகிதம் எல்லாம் திங்கட்கிழமை.”

உள்ளே சேர்ப்பதென்றால் அந்தப் புரோகிராமிலேயே ஒரு கோப்பு இருக்கிறது. யாருடைய மாற்றத்தை இனி மேற்பார்வையில்லாமல் விடலாம், யார் மற்றவர்களுடையதைப் படித்துச் சரி சொல்லலாம் என்று பெயர்கள் இருக்கும். பாகீரதி அதைத் திறந்து ஒரே ஒரு வரி சேர்த்தாள். பக்கத்திலேயே ஒரு பெயரில் எழுத்துப் பிழை கண்ணில் பட்டது. விரல் அதன்மேல் போய், திரும்பி வந்தது. அது வேறு காரியம், இன்னொரு கமிட்.

குறிப்புக் கட்டம் காத்துக்கொண்டிருந்தது. புரோகிராமில் எத்தனையோ சிக்கலுக்கு ஒரு நிமிஷத்தில் எழுதிவிடுவாள். இதற்கு அதிக நேரமாயிற்று.

“என்னடி, முதல் எழுத்து இன்னும் எழுதலியா?” என்றார் சுந்தரேசன்.

“எழுதிண்டிருக்கேன்.”

எழுதினாள்: ‘சுப்ரியாவின் பெயரைச் சேர்த்தேன். காரணம்: நவமியன்று ஏன் என்று கேட்டவர் இவர்தான்.’

சேர்த்த சற்று நேரத்துக்கெல்லாம் போன் அடித்தது. எடுத்தால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான். பின்னால் ஒரு குழந்தை, அம்மா என்ன, அம்மா என்ன என்று நச்சரித்தது.

“பேசேன்” என்றாள் பாகீரதி.

“பேச வரல, தி.” பிறகு வந்தது. “சாயங்காலம் புஜாயக் கூட்டிண்டு பிஜோயாவுக்கு வரேன். நேத்து வாசிச்சு வாசிச்சுத் தொண்டை போச்சு. அந்தச் சுண்டல் மீதி இருக்கா, இல்ல எல்லாரும் தின்னுட்டீங்களா?”

பாகீரதி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஃப்ரிட்ஜைத் திறந்தாள். இரண்டாவது தட்டில் மூடி போட்ட டப்பா இருந்தது. அதன்மேல் காகிதம் எதுவும் இல்லை. நேற்று எழுத முடியவில்லை. மேஜையிலிருந்து பேனாவை எடுத்து, கிழித்த காகிதத்தில் எழுதி ஒட்டினாள்: ‘சுண்டல், நவமி. சுப்ரியாவுக்கு. குழந்தையும் சாப்பிடும், மிளகாயைப் பொறுக்கி எடுத்தாயிற்று.’

“இருக்கு” என்றாள்.